இரண்டாவது விளையாட்டு எது?



கணிப்பொறியில் விளையாடுவது உங்களில் பலருக்கும் பழகிப்போன ஒன்று. விளையாட்டைத் தாமே செய்து பார்ப்பவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். ஒரு விடுமுறையில், பாடம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து, முதல் விளையாட்டை எழுதி முடித்துவிட்டீர்கள். திரையில் ஒரு பந்து துள்ளுகிறது. விசையைத் தட்டினால் மட்டை நகர்கிறது. பந்து தவறினால் 'ஆட்டம் முடிந்தது' என்ற எழுத்துத் தோன்றுகிறது. வீட்டில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. தம்பி இரண்டு நாள் விளையாடிவிட்டு மறந்தும் போனான். சரி, அடுத்து என்ன செய்வது?

இது சின்னக் கேள்விதானே என்று தோன்றலாம். நிரல் எழுதப் பழகும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் கருத்து. முதல் விளையாட்டை முடிக்கும்வரை பாடமே நம்மைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறது. இரண்டாவதற்கு அந்தக் கை கிடையாது. எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் நாமே முடிவு செய்யவேண்டும். இங்கேதான் பலர் தங்கள் சக்திக்கு மீறிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு, "இது நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். திறமையுள்ள மாணவர்கள் இப்படி ஒதுங்குவது வருத்தத்துக்குரியது. ஆகவே இரண்டாவது விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இங்கே சற்று விரிவாகச் சிந்திப்போம்.

உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கடைகளில் விற்கும் பெரிய விளையாட்டுகளைப் போல ஒரு நகரம், நூறு வண்டிகள், ஆயிரம் எதிரிகள் என்று பிரம்மாண்டமாகத் தொடங்குவது. இரண்டாவது, இன்னொரு பாடத்தைப் பார்த்து இன்னொரு பந்து விளையாட்டை அப்படியே எழுதுவது. மூன்றாவது, சிறியதாக, ஆனால் ஒரே ஒரு புதிய கடினத்தை உள்ளடக்கியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை முழுமையாக முடிப்பது. மூன்றாவது வழியே சிறந்தது என்று நான் வாதாடப் போகிறேன். என் வாதம் உங்களுக்குச் சரியாகப் படுகிறதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரிய கனவின் கணக்கு

பள்ளி, வீட்டுப்பாடம், டியூஷன் எல்லாம் போக, வாரத்திற்கு 5 மணி நேரம் கிடைக்கிறது என்க. ஒரு கல்வியாண்டில் 40 வாரங்கள் என்றால் மொத்தம் 200 மணி. பெரிய விளையாட்டு ஒன்றில் 20 உறுப்புகள் இருப்பதாகக் கொள்வோம்: வரைபடம், வண்டி, எதிரி, ஆயுதம், கடை, ஒலி, சேமிப்பு இப்படி. ஒவ்வொன்றுக்கும் 30 மணி என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 600 மணி ஆகிறது. அதாவது மூன்று ஆண்டுகள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் பன்னிரண்டாம் வகுப்பு வாசலில்தான் முடியும்!

உண்மையில் இந்தக் கணக்கும் போதாது. உறுப்புகள் தனித்தனியே இயங்கினால் மட்டும் போதுமா? ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டாமா? வண்டி கடைக்குள் புகுந்தால் என்ன ஆகும்? எதிரி வண்டியில் ஏறினால்? ஆட்டத்தைச் சேமிக்கும் நேரத்தில் குண்டு பறந்துகொண்டிருந்தால்? இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்கவேண்டிய இணைகளின் எண்ணிக்கையைக் காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. உறுப்புகள் n என்றால் இணைகள் n(n-1)/2. உறுப்புகள் 5 என்றால் இணைகள் 10. உறுப்புகள் 20 என்றால் இணைகள் 190. உறுப்புகள் நான்கு மடங்கு கூடினால் தொல்லை பத்தொன்பது மடங்கு கூடுகிறது! பெரிய விளையாட்டுகளைத் தொடங்கியவர்கள் சோம்பலால் தோற்பதில்லை. இந்தக் கணக்கினால் தோற்கிறார்கள்.

"தனி ஒருவராகப் பெரிய விளையாட்டைச் செய்தவர்கள் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் பரோன் என்பவர் 'ஸ்டார்டியூ வேலி' என்னும் விவசாய விளையாட்டின் நிரல், படம், இசை எல்லாவற்றையும் தனியாளாகச் செய்தார். 2016-இல் வெளிவந்த அது உலகெங்கும் புகழ் பெற்றது. ஆனால் அவர் கணிப்பொறி அறிவியலில் பட்டம் பெற்ற பிறகே அதில் இறங்கினார் என்பதையும், சுமார் நான்கரை ஆண்டுகள் அதுவே வாழ்க்கையாக இருந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். அவருடைய விடாமுயற்சியைப் பின்பற்றலாம். வாரத்தில் 5 மணி நேரம் உள்ளவர் அவருடைய அளவைப் பின்பற்றக் கூடாது.

பாங் பிறந்த கதை

விளையாட்டுத் தொழிலின் முன்னோடிகளே இந்தப் பாடத்தைக் கற்றவர்கள்தாம். நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இருவர் 1971-இல் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற நாணய விளையாட்டு இயந்திரத்தை உருவாக்கினார்கள். விண்கலத்தைத் திருப்பவேண்டும், உந்தவேண்டும், சுடவேண்டும். பொறியியல் மாணவர்களுக்குப் பிடித்திருந்தது. பொதுமக்களுக்கோ அது புரியாத சிக்கலாக இருந்தது. மறு ஆண்டு, 1972-இல், அவர்கள் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஆலன் அல்கார்ன் என்ற இளம் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் அதற்கு முன் விளையாட்டு எதையும் செய்ததில்லை. பயிற்சிக்காக அவருக்குப் புஷ்னெல் கொடுத்த வேலை என்ன தெரியுமா? ஒரு பந்து, இரண்டு மட்டை, மதிப்பெண். அவ்வளவே!

அல்கார்ன் அதைச் சும்மா செய்து முடிக்கவில்லை. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறும்படி செய்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடுமாறு அமைத்தார். மின்சுற்றில் இருந்த ஒரு குறையினால் மட்டை திரையின் மேல் விளிம்புவரை போகவில்லை. அந்த இடைவெளி ஆட்டத்துக்குச் சுவை கூட்டுவதைக் கண்டு அதை அப்படியே விட்டுவிட்டார். கலிபோர்னியாவில் ஒரு விடுதியில் வைத்துப் பார்த்த முதல் இயந்திரம் சில நாட்களில் பழுதானது. திறந்து பார்த்தால் காசுப் பெட்டி நிரம்பி வழிந்ததுதான் பழுதுக்குக் காரணம்! 'பாங்' என்ற அந்தப் பயிற்சி வேலைதான் கணிப்பொறி விளையாட்டை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியது. புஷ்னெலுக்கும் டாப்னிக்கும் அது இரண்டாவது விளையாட்டு என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், ஐந்து கட்டங்களால் ஆன துண்டுகளைப் பொருத்தும் மரப்புதிர் ஒன்றைக் கணிப்பொறிக்குக் கொண்டுவர நினைத்தார். ஐந்து கட்டங்களைக் கொண்டு 12 வடிவங்கள் அமையும். அவர் நான்கு கட்டங்களாகக் குறைத்தார். வடிவங்கள் 7 ஆயின. அவருடைய இயந்திரத்தில் படம் வரையும் வசதியே இல்லை. எழுத்துக் குறிகளைக் கொண்டே கட்டங்களை அமைத்தார். அதுதான் 'டெட்ரிஸ்'. தெரிந்த ஒரு விளையாட்டை எடுத்து, பாதியாகக் குறைத்து, இருக்கும் கருவியைக் கொண்டே முடித்தார் என்பது இதில் நாம் கற்கவேண்டியது.

ஒரு நேரத்தில் ஒரு புதுமை

அப்படியானால் இரண்டாவது வழி, அதாவது இன்னொரு பந்து விளையாட்டை அப்படியே எழுதுவது, போதாதா? போதாது. அதில் கடினம் ஏதும் இல்லை. ஆகவே கற்பதும் இல்லை. விரல்களுக்குப் பயிற்சி கிடைக்கும், மூளைக்குக் கிடைக்காது.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்திருப்பீர்கள். நூலின் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றமாட்டீர்கள். குண்டை மாற்றும்போது நீளத்தை மாற்றமாட்டீர்கள். ஏன்? இரண்டையும் சேர்த்து மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. விளையாட்டு எழுதுவதும் ஒரு சோதனையே. புதிய மொழி, புதிய கருவி, புதிய வகை ஆட்டம் என்று மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால், ஆட்டம் ஓடாதபோது எங்கே பிழை என்று தேடுவீர்கள்? முதல் விளையாட்டை 'ஸ்கிராட்ச்' கொண்டு செய்தீர்களா, இரண்டாவதையும் அதிலேயே செய்யுங்கள். பைத்தானில் செய்தீர்களா, பைத்தானிலேயே செய்யுங்கள். 'கோடோ' போன்ற இலவசக் கருவிகள் நல்லவைதாம். ஆனால் அவற்றுக்கு மாறுவதே அப்போதைக்கு ஒரு புதுமை. அப்படி மாறினால் பழைய பந்து விளையாட்டையே அதில் மறுபடி எழுதிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்று.

மாத்தூர் மாணவருக்கு ஓர் எடுத்துக்காட்டு

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயனில்லை. நான் இருக்கும் மாத்தூரையே எடுத்துக் கொள்கிறேன். வட சென்னையில், மணலிக்கும் மாதவரத்துக்கும் இடையில் உள்ள ஊர் இது. ஒரு பக்கம் 1969 முதல் எண்ணெய் சுத்திகரித்து வரும் மணலி ஆலையின் புகைபோக்கிகள். சாலைக்குப் போனால் துறைமுகம் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகள். கிழக்கே திருவொற்றியூர், எண்ணூர், கடல். இங்குள்ள ஒரு மாணவர் தம் இரண்டாவது விளையாட்டுக்கு எங்கே பொருள் தேடலாம்? வெளிநாட்டு மாயாஜாலக் கோட்டைகளிலா? அவரைச் சுற்றியே பொருள் கொட்டிக் கிடக்கிறது என்பேன்.

முதலில் கேரம் பலகை. வட சென்னையில் கேரம் பலகை இல்லாத தெரு உண்டா? 1991-லும் 1995-லும் உலக சாம்பியனாகி, 1996-ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பக்கத்து மாணவி, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆகவே நம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் கையிலேயே ஊறிய ஆட்டம். விதிகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படமும் எளிது. எல்லாமே வட்டங்கள். இதில் புதிய கடினம் ஒன்றே ஒன்று: மோதலும் உராய்வும். அது உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

சற்று உள்ளே போய்ப் பார்ப்போம். சர்வதேச விதிப்படி ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. காயின் எடை 5 முதல் 5.5 கிராம் வரை. கணக்கின் வசதிக்காக 15, 5 என்று கொள்வோம். ஸ்ட்ரைக்கர் நிலையாக உள்ள காயின் மேல் நேருக்கு நேர் மோதுகிறது. ஆற்றல் சிறிதும் வீணாகவில்லை என்றால், மோதலுக்குப் பின் ஸ்ட்ரைக்கரின் வேகம் பாதியாகும். காய் ஸ்ட்ரைக்கரின் முந்திய வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். உந்தத்தைச் சரிபாருங்கள். முன்பு 15 × 1 = 15. பின்பு 15 × 0.5 + 5 × 1.5 = 15. சரியாக இருக்கிறதல்லவா? அடித்த பிறகும் ஸ்ட்ரைக்கர் முன்னோக்கிப் போய்ப் பாக்கெட்டில் விழுந்து உங்களைக் கடுப்பேற்றுவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது!

அடுத்து உராய்வு. புதிதாக எழுதுகிறவர்கள் பலர் ஒவ்வொரு கணமும் வேகத்தை 0.98-ஆல் பெருக்குகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காய் கடைசியில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். பலகையின் மேல் சறுக்கும் காய்க்கு உராய்வு விசை ஏறத்தாழ மாறாதது. ஆகவே ஒவ்வொரு கணமும் ஒரே அளவு வேகத்தைக் கழிக்கவேண்டும். அந்த அளவை எப்படி அறிவது? ஒரு காயைச் சுண்டிவிட்டு, அது நிற்கும்வரை சென்ற தூரத்தையும் நேரத்தையும் அளந்து பாருங்கள். வேகக் குறைவு = 2 × தூரம் ÷ நேரத்தின் இருமடி. ஒரு நொடியில் 50 சென்டிமீட்டர் சென்று நின்றால், வேகம் நொடிக்கு நொடி 100 சென்டிமீட்டர் வீதம் குறைகிறது என்று பொருள். பவுடர் தூவிப் பாருங்கள், தூவாமல் பாருங்கள். எண் மாறுவதைக் காண்பீர்கள். இனி அந்த எண்ணை நிரலில் இடுங்கள். பலகையில் நீங்கள் அளந்த எண் திரையில் ஓடும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு ஈடு இல்லை.

இன்னொரு விந்தையும் காத்திருக்கிறது. பலமாக அடித்தால் திரையில் ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமலே ஊடுருவிப் போய்விடும்! பேய் வேலையா? இல்லை. திரைப்படத்தைப் போலவே கணிப்பொறியும் நொடிக்கு 60 படங்களாகத்தான் ஆட்டத்தைக் காட்டுகிறது. ஸ்ட்ரைக்கரின் வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது 10 சென்டிமீட்டர் தாவுகிறது. ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்டிமீட்டர், காயின் விட்டம் 3.18 சென்டிமீட்டர். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடிய பாதையின் நீளம் இவற்றின் கூட்டுத்தொகை, அதாவது சுமார் 7.3 சென்டிமீட்டர்தான். தாவல் அதைவிடப் பெரிது. ஆகவே சில சமயம் மோதல் கண்ணில் படாமலே போகிறது. ஒவ்வொரு படத்தையும் நான்கு சிறு படிகளாகப் பிரித்துக் கணக்கிட்டால் தாவல் 2.5 சென்டிமீட்டராகச் சுருங்கும். காய் தப்பாது.

19 காய்களும் ஒரு ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து 20 வட்டங்கள். எத்தனை இணைகளைச் சோதிக்கவேண்டும்? முன்பு கண்ட அதே 190! அப்போது பயமுறுத்திய எண் இப்போது ஏன் பயமுறுத்தவில்லை? அங்கே 190 இணைகளுக்கும் தனித்தனி விதிகள். இங்கே 190 இணைகளுக்கும் ஒரே விதி. நீங்கள் ஒரு முறை எழுதினால் போதும், மற்றதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும். நொடிக்கு 60 படம், படத்துக்கு 4 படி என்றாலும் 45,600 சோதனைகள்தாம். நொடிக்குக் கோடிக்கணக்கான கட்டளைகளைச் செய்யும் பழைய மடிக்கணினிக்கும் இது எளிய வேலை. நல்ல இரண்டாவது விளையாட்டின் அடையாளமே இதுதான்: வேலை கணிப்பொறிக்கு மிகுதி, விதிகள் உங்களுக்குக் குறைவு.

கேரத்தையும் ஒரேயடியாக முழுமையாகச் செய்யவேண்டாம். முதலில் ஒரு ஸ்ட்ரைக்கர், ஒரு காய், நான்கு பாக்கெட். அது ஓடிய பிறகு ஐந்து காய். அதன் பிறகு சிவப்புக் காய். கணிப்பொறியே எதிராளியாக ஆடுவது, இணையம் வழியே இருவர் ஆடுவது எல்லாம் இந்த ஆட்டத்தில் வேண்டாம். அவை ஒவ்வொன்றும் வேறொரு புதுமை.

கேரம் பிடிக்காதவருக்கு

"எனக்குக் கேரம் பிடிக்காது" என்கிறீர்களா? துறைமுகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் இயங்கத் தொடங்கியது. கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அடியில் இருப்பதை எடுக்கவேண்டுமானால் மேலே உள்ளவற்றை முதலில் நகர்த்தியாக வேண்டும். நிரலாளர்கள் இந்த அமைப்பை 'அடுக்கு' என்பார்கள். கடைசியில் வைத்தது முதலில் வெளிவரும்.

இதை ஒரு புதிராக்கலாம். 1, 2, 3 என்று எண்ணிட்ட மூன்று பெட்டிகள். அதே வரிசையில் லாரிகள் வரும். 1 அடியிலும் 3 உச்சியிலும் இருந்தால், 3-ஐயும் 2-ஐயும் வேறிடத்துக்கு நகர்த்திய பிறகே முதல் லாரிக்குப் பெட்டி கிடைக்கும். இரண்டு வீண் நகர்வுகள். தொடக்கத்திலேயே 3 அடியிலும் 1 உச்சியிலும் அடுக்கியிருந்தால் வீண் நகர்வே இல்லை. பெட்டிகள் பன்னிரண்டு, அடுக்குகள் நான்கு என்றாக்குங்கள். மிகக் குறைந்த நகர்வில் முடிப்பவருக்கு வெற்றி. வண்ணச் செவ்வகங்களைத் தவிர வேறு படம் வேண்டாம். இயற்பியலும் வேண்டாம். புளியங்கொட்டைகளையும் ஒரு தாளையும் வைத்துக்கொண்டு கணிப்பொறி இல்லாமலே இந்த ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கலாம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அப்பாவோ மாமாவோ இருந்தால், உண்மையில் எப்படி அடுக்குகிறார்கள் என்று கேட்டு அறியலாம். வீட்டுக்குள்ளேயே ஒரு நிபுணர்!

எண்ணூர்க் கழிமுகத்தை வைத்தும் விளையாட்டு செய்யலாம் அல்லவா என்று சிலர் நினைக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் பாழானதை நாம் கண்டோம். நீர் ஏற்றத்திலும் இறக்கத்திலும் எண்ணெய் எப்படிப் பரவுகிறது என்று காட்டும் ஆட்டம் பயனுள்ளதாகவே இருக்கும். ஆயினும் அது உங்கள் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கட்டும். நீரோட்டத்தின் கணிதம் கடினம் என்பது ஒரு காரணம். பிழைப்பை இழந்தவர்களின் துன்பத்தைப் பேசாமல் அதைப் புள்ளிக் கணக்காக்கிவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். முதலில் அவர்களிடம் போய்க் கேட்டு அறியவேண்டும். அதற்குக் கைத்திறனும் வேண்டும், நிதானமும் வேண்டும்.

நம் வீட்டுப் பொருள் உலகுக்குப் பிடிக்குமா?

பிடிக்கும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023-இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பெயர்தான் வெண்பா. அவர் தம் தாயிடமிருந்து பெற்ற சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட இடங்களை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காகப் பரவும் என்பதுகூட அதில் ஒரு புதிர்!

துப்பாக்கி இல்லை, பெரிய நகரம் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். அப்படியிருந்தும் 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, அறிமுகப் படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது. செய்தவர்களுக்கு அந்த அடுக்களை தெரியும். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதும் தெரிந்திருக்கிறது. தெரியாத பொருளைத் தொட்டால் எதை விடுவதென்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போவோம்.

சில ஐயங்கள்

"சிறியதைச் செய்தால் நண்பர்கள் கேலி செய்யமாட்டார்களா?" செய்யலாம். முடியாத பெரிய விளையாட்டின் படங்களைக் காட்டுபவரைவிட, முடிந்த சிறிய விளையாட்டை நண்பர் கையில் கொடுத்து "ஆடிப் பார்" என்று சொல்பவரிடம் கேலி நெடுநேரம் நிற்காது.

"நல்ல கணிப்பொறி இல்லையே?" 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த பழைய கணினி சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. வட்டங்களுக்கும் செவ்வகங்களுக்கும் அது போதும். அதுவும் இல்லாதவர்கள் விதிகளைத் தாளில் எழுதி ஆடிப் பார்த்து முடித்துவைக்கலாம். பள்ளிக் கணிப்பொறியில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் அதைத் தட்டச்சு செய்தால் போதும். உண்மையான சிந்தனை தாளில்தான் நடக்கிறது.

"படிப்பு கெடாதா?" பெற்றோர்களின் இந்தக் கவலை நியாயமானது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. விளையாடுவது வேறு, விளையாட்டைச் செய்வது வேறு என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். வாரம் 5 மணி, மொத்தம் 6 வாரம் என்று நாள்காட்டியில் குறித்து, அந்த நாளில் நிறுத்திக் காட்டுங்கள். அப்போது நம்புவார்கள். தேர்வு மாதத்தில் தொடங்கவே வேண்டாம்.

தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்விகள்

மனத்தில் ஒரு விளையாட்டு தோன்றியதும் இந்தக் கேள்விகளுக்குக் குறிப்பேட்டில் விடை எழுதுங்கள்.

1. இதன் விதிகளை ஐந்து வாக்கியங்களில் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் இன்னும் குறைக்கவேண்டும்.

2. இதில் எனக்குப் புதியது எது? விடை ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றும் இல்லையென்றால் இது பழைய ஆட்டம். மூன்று என்றால் இது மூன்று ஆட்டங்கள்.

3. எது வந்தால் 'முடிந்தது' என்பேன்? ஆட்டம் தொடங்கவேண்டும், முடியவேண்டும், நான் அருகில் நின்று விளக்காமலே இன்னொருவர் ஆடவேண்டும். இதுவே போதிய இலக்கணம்.

4. ஆடிப் பார்த்துக் குறை சொல்ல யார் இருக்கிறார்கள்? இது மிக முக்கியமான கேள்வி. தெருமுனையில் கேரம் ஆடும் அண்ணன்களிடம் உங்கள் ஆட்டத்தைக் கொடுத்தால், இரண்டே அடியில் "பலகை ஓடலையே தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத திருத்தம் அது. அவர்கள் ஆடும்போது நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். எங்கே தயங்குகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக் கொள்ளுங்கள்.

குறித்த நாளில் ஆட்டம் முழுமையடையாமல் போனால்? அப்போதும் வழி உண்டு. ஓடாத பகுதிகளை வெட்டி எறியுங்கள், நாளைத் தள்ளிப் போடாதீர்கள். சிவப்புக் காய் வரவில்லையா, சிவப்புக் காய் இல்லாமலே முடியுங்கள். வெட்டியதைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது விளையாட்டு எது என்ற கேள்வி எழும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும்.

மாத்தூரில் கேரமும் கன்டெய்னரும் என்றால், தூத்துக்குடியில் உப்பளம், சிவகாசியில் அச்சகம், திருப்பூரில் தையல் இயந்திரம், தஞ்சையில் வாய்க்கால் மடை. உங்கள் ஊரில் என்ன இருக்கிறது? இன்று மாலை பள்ளிவிட்டு வரும் வழியில் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். வீடு சேர்ந்ததும் ஒரு தாளை எடுத்து, ஐந்தே வாக்கியங்களில் விதிகளை எழுதிப் பாருங்கள்.